காழ் அழிந்த மரத்தில் ஓர் உயிர்

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடைகளில் பேசப்படும் உயிர்கள் பெரும்பாலும் தோற்றத்தால் பெரியவை. யானையின் பெருமிதம் பேசப்படும். புலியின் சீற்றம் பேசப்படும். மயிலின் சாயலும் மானின் மருட்சியும் பேசப்படும். ஈயைப் பற்றிப் பேசுவார் அரியர். ஈ என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே விரட்டுவதற்குக் கை உயர்கிறது. ஆயினும் இன்றைய உரைக்குப் பொருளாக அமைவது ஓர் ஈயே. அதுவும் இந்நாட்டில் காணக் கிடைக்காதது. ஸ்காட்லாந்து நாட்டின் வடபுலத்து மலைகளில், முதிர்ந்த பைன் மரக் காடுகளில் வாழ்வது. உடலின் நீளம் கட்டைவிரல் நகத்தளவே. இச்சிற்றுயிரைக் காப்பதற்காக அறிஞர்களும் காட்டுக் காவலர்களும் பல்லாண்டுகளாக உழைத்து வருகின்றனர். அவ்வுழைப்பின் வரலாற்றைக் கேட்பவர், ஓர் உயிர் எவ்வாறு அழிகிறது, எவ்வாறு காக்கப்படுகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கும் எதிர்பாராத விடைகளைப் பெறுவர்.

மலரை நாடும் ஈ

ஈக்கள் அனைத்தும் அடுக்களையில் மொய்ப்பன அல்ல. மலர் ஈ என்று ஒரு பெருங்குடும்பம் உண்டு. உலகெங்கும் ஏறத்தாழ 6000 இனங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. பிரித்தானியத் தீவில் மட்டும் 280க்கும் மேற்பட்டவை வாழ்கின்றன. இவை அந்தரத்தில் ஒரே இடத்தில் அசையாது நிற்க வல்லவை. சிறகுகள் கண்ணுக்குப் புலப்படாத விரைவில் துடிக்க, உடல் மட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டது போல நின்றிருக்கும். மறுகணமே ஓர் அம்பு போல விலகி, வேறோர் இடத்தில் மீண்டும் நிற்கும்.

தேனீக்கும் குளவிக்கும் நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டே. பின்னிரு சிறகுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிறு குமிழ் போன்ற இரண்டு உறுப்புகள் உள்ளன. பறக்கும்போது உடல் நிலை தவறாமல் காப்பவை அவையே. மலர் ஈக்கள் பலவும் மஞ்சளும் கருப்புமான கோடுகளை அணிந்து, குளவி போலவும் தேனீ போலவும் தோன்றும். ஆனால் இவற்றுக்குக் கொடுக்கு இல்லை. எவரையும் கொட்டுவதில்லை. கொட்டும் உயிரின் வேடத்தைப் புனைந்துகொண்டு, பறவைகளின் அலகிலிருந்து தம்மைக் காத்துக்கொள்கின்றன. மலருக்கு மலர் சென்று தேனும் மகரந்தமும் உண்ணும் வழியில் மகரந்தத்தைப் பரப்பிக் காயும் கனியும் விளையச் செய்கின்றன. இப்பணியில் தேனீக்களுக்கு அடுத்த நிலையில் இவை வைத்து எண்ணப்படுகின்றன.

வளர்ந்த ஈயின் வாழ்வு மலரில் கழிந்தாலும் புழுப்பருவம் எங்கே கழிகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். சிலவற்றின் புழுக்கள் செடிகளில் அசுவினிப் பூச்சிகளை உண்டு உழவர்க்கு உதவுகின்றன. சிலவற்றின் புழுக்கள் தேங்கிய நீரில் வளர்கின்றன. வேறு சிலவோ இற்றுப்போகும் மரத்தினுள் வளர்கின்றன. பைன் மலர் ஈ இந்த மூன்றாம் வகையைச் சார்ந்தது.

இதன் மேனி கருமை. வயிற்றின் பின்பகுதி மட்டும், அணையும் தறுவாயில் உள்ள தணல் போலச் செம்மஞ்சளாக ஒளிரும். உயிர்களுக்கு இருசொற் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலின் பத்தாம் பதிப்பிலேயே இதனைப் பதிவு செய்துள்ளார். இன்று அறிவியலில் வழங்கும் பெயர் பிளேரா ஃபாலக்ஸ். ஃபாலக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஏமாற்றுவது என்பது பொருள்.

தமிழ் இலக்கண மரபு உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கையால் வகுத்தது. தொல்காப்பியர் மரபியலில் தும்பியை நாலறிவுயிர்களுள் வைத்தார். அவ்வரிசையில் ஈக்கும் இடம் உண்டு. தொட்டுணரும், சுவைத்துணரும், முகர்ந்துணரும், கண்டுணரும் ஓர் உயிர் என்று ஈயை நோக்கும் பார்வை, விரட்டும் கையைச் சற்றே தாழ்த்தும். அப்பார்வையோடு ஸ்காட்லாந்துக் காட்டுக்குள் நுழைவது தகும்.

காடும் ஆறும்

ஸ்காட்லாந்தின் வடபுலத்தில் கெய்ர்ங்கோர்ம்ஸ் என்னும் மலைத்தொடர் உள்ளது. அம்மலைகளின் அருகே ஸ்பே என்னும் ஆறு ஓடுகிறது. அப்பள்ளத்தாக்கை ஸ்ட்ராத்ஸ்பே என்பர். பனியூழிக்குப் பின் அங்கே குடியேறிய மரம் ஸ்காட்ஸ் பைன். ஊசி போன்ற நீலப்பசிய இலைகளும், மேற்பகுதியில் செம்பு நிறம் காட்டும் அடிமரமும் உடையது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. இம்மரங்களால் ஆன பழங்காட்டைக் கலிடோனியக் காடு என்று அழைப்பர்.

அக்காட்டின் பெரும்பகுதி இன்று இல்லை. பழைய பரப்பில் நூற்றில் ஒரு பங்கே எஞ்சியிருப்பதாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அழிவு ஒரே நாளில் வந்ததன்று. பல நூற்றாண்டுகளாக மேய்ச்சலுக்கும் விறகுக்கும் வீடு கட்டவும் காடு வெட்டப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் மரம் வெட்டும் தொழில் பெருகியது. வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஸ்பே ஆற்றில் மிதக்கவிட்டுக் கடல் வரை கொண்டுசென்றனர். ஆற்றின் முகத்துவாரத்தில் கப்பல் கட்டும் தொழில் எழுந்தது. 1784இல் கிளென்மோர்க் காட்டின் மரங்களை விலைக்கு வாங்கிய வணிகர்கள், தங்கள் ஊரான கிங்ஸ்டன் அப்பான் ஹல்லின் நினைவாக அவ்விடத்துக்குக் கிங்ஸ்டன் என்று பெயரிட்டனர். காடு கப்பலாகிக் கடலில் சென்றது.

பின்னர் வந்த இரு உலகப் போர்களும் எஞ்சிய மரங்களைத் தேடி வந்தன. பதுங்குகுழிக்கும் சுரங்கத்துக்கும் பாசறைக்கும் மரம் வேண்டியிருந்தது. கனடா நாட்டிலிருந்து மரம் வெட்டும் படைப்பிரிவுகளே வரவழைக்கப்பட்டு ஸ்காட்லாந்துக் காடுகளில் பணியமர்த்தப்பட்டன. முதற்போரின் முடிவில், நாட்டில் மரப்பற்றாக்குறை நேரக்கூடாது என்று 1919இல் காட்டுத்துறை ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. அது புதிய காடுகளை நட்டது. ஆனால் அவை பயிர் போல நடப்பட்டவை. வட அமெரிக்காவின் மேலைக் கரையிலிருந்து கொணர்ந்த சிட்கா ஸ்புரூஸ் போன்ற விரைவில் வளரும் மரங்கள் அணியணியாக நின்றன. வளர்ந்து பயன் தரும் பருவம் வந்ததும் வெட்டப்பட்டன. மூப்பு அடைய எந்த மரத்துக்கும் காலம் கொடுக்கப்படவில்லை.

ஓநாய்கள் ஒழிந்துபோன அந்நாட்டில் மான்கள் பெருகியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக அவை மேலும் பேணப்பட்டன. பழங்காட்டின் ஓரங்களில் தாமாக முளைத்த இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்தன. எனவே முதியவை வெட்டுண்டன, இளையவை வளரவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கிய உயிர்களுள் ஒன்றே பைன் மலர் ஈ.

அழுகலில் ஒரு தொட்டில்

இந்த ஈக்குப் பைன் மரம் மட்டும் போதாது. முதிர்ந்த பைன் மரம் வேண்டும். அம்மரத்தின் உள்ளே ஒரு நோய் வேண்டும். அந்நோயால் உண்டான குழி வேண்டும். அக்குழியில் மழைநீர் தேங்க வேண்டும். இவை அனைத்தும் ஒருங்கே அமைந்தால்தான் இதன் குழந்தைப் பருவம் கழியும்.

மரத்தின் நடுவே உள்ள வைரத்தைத் தமிழ் மரபு காழ் என்று சொல்லும். அகத்தே காழுடையதை மரம் என்றும் புறத்தே காழுடையதைப் புல் என்றும் பிரித்தறிந்த மரபு தமிழ் மரபு. பைன் மரம் முதிர முதிர அதன் அகக்காழ் அகலும். அந்தக் காழைத் தாக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. ஃபியோலஸ் ஷ்வைனிட்சியை என்பது அதன் அறிவியற் பெயர். நூலுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றுவோர் அதனைப் பயன்படுத்திய காரணத்தால் சாயக்காரர் பூஞ்சை என்னும் பொருளில் ஒரு வழக்குப் பெயரும் அதற்கு உண்டு. வேரின் வழியாக நுழைந்து, அடிமரத்தின் காழைப் பழுப்பு நிறத் துண்டுகளாக உதிரச் செய்வது அதன் இயல்பு. மரம் வெளியே பசுமையாகவே நிற்கும். உள்ளே அடிப்பகுதி மென்மையாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் பெருங்காற்றில் அது அடியோடு முறியும். அல்லது மரம் வெட்டுவோர் அதனை அறுத்து வீழ்த்துவர்.

எஞ்சி நிற்கும் அடிக்கட்டையின் நடுவே மென்மையான பகுதி குழிந்து ஒரு கிண்ணம் போல ஆகும். மழை பெய்ததும் அதில் நீர் தேங்கும். இற்ற மரத்தூளும் நீரும் கலந்து, கருமையான ஒரு கூழாக மாறும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். மனிதக் கண்ணுக்கு அது அழுக்குக் குட்டை. பைன் மலர் ஈயின் தாய்க்கு அதுவே தன் மக்களை வளர்க்கத் தகுந்த தொட்டில். குழியின் அருகே அது முட்டையிடுகிறது. வெளிவரும் புழுக்கள் நீருள் இறங்கி, கூழிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்கின்றன. புழுவின் பின்புறத்தில் மூச்சுக்குழல் ஒன்று உள்ளது. அதனை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, மூழ்கியபடியே காற்றை உள்ளிழுக்கின்றன. நீரினுள் இருக்கும் வீரர் நாணற்குழலின் வழியே மூச்சு விடுவதாகக் கதைகளில் வருமே, அதுபோன்ற அமைப்பு இது.

ஸ்காட்லாந்தின் கடுங்குளிர் காலத்தை அப்புழுக்கள் அந்தக் குழியிலேயே கழிக்கின்றன. இளவேனில் வந்ததும் நீரை விட்டு ஏறி, அருகிலுள்ள உலர்ந்த இடத்தில் கூட்டுப்புழுவாகின்றன. கோடையில் சிறகு பெற்று வெளிவருகின்றன. ரோவன் என்னும் மரத்தின் வெண்ணிறப் பூங்கொத்துகளையும் காட்டு ராஸ்பெரிப் பூக்களையும் நாடுகின்றன. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில வாரங்களில் மறைகின்றன. புழுவாக இருக்கும் மாதங்கள் பல; ஈயாகப் பறக்கும் வாரங்கள் சில.

இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. காட்டுத்தொழில் செய்வோருக்கு அந்தப் பூஞ்சை பகை. மரத்தின் விலையுயர்ந்த அடிப்பகுதியை அது கெடுத்துவிடுகிறது. மரத்தைப் பலகையாகக் கணக்கிடும் கண்ணுக்கு அது இழப்பு. அதே பூஞ்சை ஈயின் வீட்டைக் கட்டித்தரும் கொத்தன். முழுநலத்தோடு இளமையில் வெட்டப்படும் மரங்கள் மட்டுமே நிறைந்த காட்டில் இந்த ஈக்கு நிற்க ஓரிடம் இல்லை.

அக்குழியும் நிலையானதன்று. கட்டை மேலும் இற்று, பக்கங்கள் பிளந்து, நீர் வடிந்துபோகும். ஆகவே ஒரு குழி அழியும் முன் அருகிலேயே வேறொரு குழி தோன்றியிருக்க வேண்டும். முதுமரங்கள் நிறைந்த பழங்காட்டில் இது தானாகவே நிகழ்ந்தது. ஒரு மரம் முறியும். பத்தாண்டுக்குள் பக்கத்து மரம் முறியும். தலைமுறை தலைமுறையாக ஈக்களின் சங்கிலி அறாமல் தொடர்ந்தது. காடு துண்டு துண்டானபோது அச்சங்கிலியும் அறுந்தது.

தேடியவர்கள்

பறக்கும் ஈயைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆண்டில் சில வாரங்களே பறக்கிறது. ஆகவே நெடுங்காலமாக இதனைப் பற்றிய பதிவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருந்தன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஈயியல் ஆர்வலர்கள் மால்லக் சங்கம் என்னும் சிறு குழுவாக இணைந்து, வேறொரு வழியைக் கையாண்டனர். சிறகுள்ள ஈயைத் தேடி வானத்தை நோக்குவதை விட்டு, புழுவைத் தேடி அடிக்கட்டைகளின் முன் மண்டியிட்டனர். குழியிலுள்ள கூழைக் கையால் துழாவி, மூச்சுக்குழலோடு நெளியும் புழு உண்டா என்று பார்த்தனர்.

இம்முறை ஒரு வியப்பான விளைவைத் தந்தது. காலிசேரா ரூஃபா என்று மற்றொரு மலர் ஈ உண்டு. அதுவும் பைன் மரத்தின் நீர்க்குழிகளில் வளர்வதே. மிகவும் அரியது என்று அது கருதப்பட்டிருந்தது. புழுக்களைத் தேடியபோது, அது எண்ணியதைக் காட்டிலும் பரவலாக இருப்பது தெரியவந்தது. அரிதாக இருந்தது ஈயன்று, அதனைக் காணும் முறையே என்று அறிந்து ஆய்வாளர்கள் மகிழ்ந்தனர்.

பைன் மலர் ஈயின் செய்தி அவ்வாறு அமையவில்லை. எத்தனையோ கட்டைகள் துழாவப்பட்டன. புழு கிடைத்த இடங்கள் மிகச் சிலவே. இறுதியில் ஸ்ட்ராத்ஸ்பேயின் சிறு காட்டுப் பகுதியோடு அதன் வாழ்வு சுருங்கிவிட்டது உறுதியாயிற்று. ஒரு பெருங்காற்று, ஒரு காட்டுத்தீ, ஓராண்டு வறட்சி போதும். பிரித்தானியத் தீவிலிருந்து அந்த இனம் முற்றிலும் நீங்கிவிடும் என்னும் நிலை.

அதனிடம் எவருக்கும் பகை இருந்ததில்லை. நஞ்சு தெளித்து எவரும் அதனைக் கொன்றதில்லை. கப்பலுக்கு மரம் வெட்டியவர் ஈயை நினைத்ததில்லை. போருக்கு மரம் வெட்டியவரும் நினைத்ததில்லை. காட்டைச் செம்மையாகப் பேணுவதாக எண்ணி, நோயுற்ற மரத்தை அகற்றியவரும் நினைத்ததில்லை. கொல்லும் எண்ணம் ஒருவருக்கும் இல்லாமலே ஓர் இனம் இறுதி மூச்சுக்கு வந்து நின்றது. கொல்லாமையைப் பற்றிச் சிந்திப்பவர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஓங்கிய கையைத் தாழ்த்துவது எளிது. பயனற்றது என்று எண்ணி அகற்றும் ஒன்றில் எந்த உயிர் குடியிருக்கிறது என்று கேட்பதே அரிது.

கையால் குடைந்த வீடு

காழை அழிக்கும் பூஞ்சை தன் வேலையை முடிக்கப் பல்லாண்டுகள் ஆகும். ஈக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. எனவே பூஞ்சையின் வேலையை மனிதர் கையில் எடுத்துக்கொண்டனர். மரம் வெட்டப்பட்ட இடங்களில் நின்ற பெரிய அடிக்கட்டைகளில் இயந்திர ரம்பத்தால் குழி குடைந்தனர். அக்குழியில் பைன் மரச்சீவல்களை நிரப்பினர். மழை வந்து நீரை நிரப்பியது. நுண்ணுயிர்கள் தாமாக வந்து பெருகின. பின்னர் அங்கே பைன் மலர் ஈயின் புழுக்களும் காணப்பட்டன. மனிதன் குடைந்த தொட்டிலை ஈயின் தாய் ஏற்றுக்கொண்டது.

ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த எல்லன் ராத்தரே என்னும் அம்மையார் இப்புழுக்களின் வாழ்வை நுணுகி ஆராய்ந்தார். குழியில் எவ்வளவு மரச்சீவல் இருந்தால் எத்தனை புழுக்கள் வளரும், நெருக்கம் மிகுந்தால் என்ன ஆகும் என்பன போன்ற வினாக்களுக்கு அவர் ஆய்வு விடை தேடியது. ஓர் உயிரைக் காக்க விரும்பும் அன்பு மட்டும் போதாது. அந்த உயிர் எதை உண்கிறது, எங்கே உறங்குகிறது என்னும் அறிவும் வேண்டும். அறிவற்ற அன்பு, மீனை நீரிலிருந்து எடுத்துக் கரையில் வைத்து உலர்த்திக் காக்க முயல்வது போலாகிவிடும்.

அடுத்த கட்டம் காட்டுக்கு வெளியே நிகழ்ந்தது. ஸ்காட்லாந்து அரச விலங்கியல் சங்கம் நடத்தும் ஹைலேண்டு வனவிலங்குப் பூங்கா அம்மலைப் பகுதியிலேயே உள்ளது. பனிக்கரடியும் பனிச்சிறுத்தையும் காண மக்கள் திரளும் இடம் அது. அந்தப் பூங்காவின் ஒரு மூலையில், பார்வையாளர் கண்ணில் படாத சிறு குப்பிகளில், மரச்சீவலும் நீரும் இட்டுப் பைன் மலர் ஈயின் புழுக்கள் வளர்க்கப்பட்டன. கரடிக்கு உணவிடும் பூங்காவில் ஈக்கும் ஒரு வளர்ப்புத்தாய் வாய்த்தது. அப்பணி தொய்வின்றி நிகழ்ந்ததன்று. சிற்றுயிரை அடைத்து வளர்ப்பதில் தோல்விகள் மிகுதி. குளிர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், ஈரம் மிகுந்தாலும் வறண்டாலும், ஒரு பருவத்தின் உழைப்பு வீணாகும். ஆயினும் பொறுமையாளர் கைவிடவில்லை. புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகின.

அபர்நெதி என்னும் பைன் காடு ஸ்பே ஆற்றுப் பகுதியில் உள்ளது. அதன் பெரும்பகுதியை அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் 1988இல் வாங்கிக் காத்து வருகிறது. பறவைகளுக்காக வாங்கிய காட்டில் ஈக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே முன்னரே குழிகள் குடைந்து ஆயத்தமாக்கப்பட்டன. பூங்காவில் வளர்ந்த புழுக்கள் 2021, 2022ஆம் ஆண்டுகளில் அக்குழிகளில் விடப்பட்டன. 2022இல் அபர்நெதியில் சிறகு விரித்த பைன் மலர் ஈக்கள் கண்டறியப்பட்டன. பிரித்தானியக் காடு ஒன்றில் அந்த ஈயைச் சிறகோடு கண்டு அப்போது ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. வயிற்றின் பின்புறத்தில் தணலை ஏந்தி, ஒரு சிற்றுயிர் பூவின் மேல் அமர்ந்திருந்த காட்சியைக் கண்டவர்க்கு அன்று எத்தகைய உவகை பிறந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரு நேர்மையான வினா

அறிவுடையோர் அவையில் ஒரு வினா எழுவது இயல்பு. பைன் மலர் ஈ உலகத்திலிருந்தே மறைந்துவிடவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகள் முதல் சைபீரியா வரை பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடுகளில் அது இன்றும் வாழ்கிறது. அவ்வாறிருக்க, ஸ்காட்லாந்தின் ஒரு மூலையில் அதனைக் காக்க இத்துணை உழைப்பு ஏன்? ஒரு குப்பிப் புழுவுக்காகச் செலவிடும் பொருளை வேறொரு நற்பணிக்குச் செலவிடலாகாதா?

வினா நேர்மையானது. விடை இரண்டு பகுதிகளாக உள்ளது.

முதலாவது, அந்த ஈ தனியே வாழவில்லை. அது இருக்கும் இடத்தில் முதுமரம் இருக்கிறது. முதுமரம் இருக்கும் இடத்தில் மரங்கொத்திக்குப் பொந்தும், வண்டுக்கு உணவும், பாசிக்கும் காளானுக்கும் இடமும் இருக்கின்றன. இற்றுப்போகும் மரத்தைச் சார்ந்து வாழும் உயிரினங்கள் காட்டில் பற்பல. ஒரு வீட்டில் விளக்கு எரிவதைக் கொண்டு உள்ளே ஆள் உண்டு என்று அறிவது போல, பைன் மலர் ஈ பறப்பதைக் கொண்டு அக்காட்டில் முதுமையும் தொடர்ச்சியும் உண்டு என்று அறியலாம். ஈ மறைந்தால் காட்டின் முதுமை மறைந்துவிட்டது என்பது பொருள்.

இரண்டாவது, குழி குடைவதும் குப்பியில் வளர்ப்பதும் நிலையான தீர்வு அல்ல என்பதை அப்பணியில் ஈடுபட்டோரே நன்கு அறிவர். மனிதன் ஆண்டுதோறும் ரம்பத்தோடு வந்து குழி குடைந்தால்தான் வாழும் என்ற நிலையில் உள்ள உயிர், மருத்துவமனைக் கட்டிலில் உள்ள நோயாளியைப் போன்றது. மூச்சு இருக்கிறது, சொந்த வீடு இல்லை. அந்த ஈ தன் வீடு திரும்ப வேண்டுமானால் பைன் மரங்கள் மூப்படைய வேண்டும். மூப்பதற்கு நூறும் இருநூறும் ஆண்டுகள் ஆகும். அதுவரை அறாத சங்கிலியாக ஈக்களைக் கொண்டுசேர்ப்பதே குழி குடைவோரின் கடமை. செயற்கைக் குழி பாலம் போன்றது. அக்கரையில் உள்ளது பழங்காடு.

அக்கரையை நோக்கிய பணியும் தொடங்கியுள்ளது. கெய்ர்ங்கோர்ம்ஸ் பகுதியில் அடுத்தடுத்துள்ள நிலங்களின் உரிமையாளர்கள் கெய்ர்ங்கோர்ம்ஸ் கனெக்ட் என்னும் கூட்டமைப்பாக இணைந்துள்ளனர். 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் காட்டையும் ஈரநிலத்தையும் மீட்பது அவர்களது நோக்கம். அதற்கு அவர்கள் வகுத்துள்ள காலம் 200 ஆண்டுகள். மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, இளங்கன்றுகள் தாமாக முளைத்து வளர இடம் விடுகின்றனர். நெருங்கி நிற்கும் நடவு மரங்களில் சிலவற்றை வேரோடு சாய்த்து, பட்டுப்போன மரங்களைக் காட்டுக்குத் திரும்பத் தருகின்றனர். ஒரு காலத்தில் குறையெனக் கருதி அகற்றப்பட்ட பட்ட மரமும் இற்ற மரமும் இன்று காட்டின் செல்வமாக எண்ணப்படுகின்றன.

மானைக் குறைப்பதில் உள்ள அறச்சிக்கலை மறைப்பதற்கில்லை. அங்கே துப்பாக்கியால்தான் அது நிகழ்கிறது. ஓநாயை முன்னோர் ஒழித்த பழிக்கு இன்றைய தலைமுறை செலுத்தும் விலை அது. ஓர் உயிரை வேரோடு நீக்கினால், அதன் வேலையை மனிதன் கையில் குருதிக் கறையோடு செய்ய நேரும் என்பதை அக்காடு காட்டிக்கொண்டிருக்கிறது. உயிர்க்கொலையை அஞ்சும் நெஞ்சுக்கு இது எளிதில் ஆறாத நோவு. தொடக்கத்திலேயே ஒழிக்காமல் விட்டிருந்தால் இன்று ஒழிக்க நேர்ந்திராது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

இருநூறு ஆண்டுத் திட்டத்தில் இன்று கன்று காப்பவர், அம்மரம் மூப்பதைக் காணமாட்டார். அவர் மக்களும் காணமாட்டார். அம்மரத்தின் காழில் பூஞ்சை புகுந்து, ஒரு நாள் அது முறிந்து, குழி விழுந்து, மழை நிறைந்து, ஒரு தாய் ஈ அங்கே வந்து முட்டையிடும் நாளில், கன்று காத்தவர் பெயரும் எவர் நினைவிலும் இராது. ஈக்கும் அவர் யாரென்று தெரியாது. பயன் கருதாமல் செய்யும் அறம் என்று நூல்கள் கூறுவதற்கு இதைக் காட்டிலும் தெளிவான உருவம் கிடைப்பது அரிது.

அவையோரே! மரத்தின் வலிமை காழில் உள்ளது என்பது உலகம் அறிந்தது. காழ் அழிந்த பின்னரும் மரத்துக்கு ஒரு கடமை எஞ்சியிருக்கிறது என்பதை ஓர் ஈயின் புழு உணர்த்துகிறது. முதிர்ந்ததும் இற்றதும் பயன் முடிந்தன என்று எண்ணி விரைந்து அகற்றும் கை, அகற்றும் முன் ஒருகணம் தாழட்டும். அங்கே ஒரு சிறு குழியில், தேங்கிய மழைநீரில், ஒரு குழலை மட்டும் மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு, கோடைக்காக ஓர் உயிர் காத்திருக்கக்கூடும்.